இரண்டாம் கண்ணாடியில் போன நான்கு விமானங்கள்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக்,
மூன்றாம் மாடி, படியேறி இடப்பக்கம் கடைசி வீடு.
(விமான நிலைய அலுவலகத்துக்கு இதே முகவரியிலிருந்து முன்னர் பத்தொன்பது மனுக்கள் வந்துள்ளன.)

பெறுநர்:
உயர்திரு விசாரணை ஆணையர் அவர்கள்,
விமான விபத்து விசாரணைப் பிரிவு.

பொருள்: தரையிறங்க வந்த விமானம் உயரம் தவறித் தாழ்ந்தது – வரைவு அறிக்கையில் துணை விமானி மீது பிழை சுமத்தப்பட்டது – ஆட்சேபம் தெரிவித்தல் – எனது பத்தொன்பதாம் மனுவின் ஒரே ஒரு பகுதியை மட்டும் சாட்சியமாக ஏற்றுக்கொள்ளக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் வரைவு அறிக்கை, பத்தி 31.
2. விபத்து நாளன்று காலை 10.40 மணிக்குத் தபால் பிரிவில் முத்திரையிடப்பட்ட எனது மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் பிரிவுக்கு நான் எழுதும் முதல் மனு இது. விமான நிலைய அலுவலகத்துக்கு எழுதிய பத்தொன்பதும் இந்நேரம் தங்கள் மேசைக்கு வந்திருக்கக்கூடும். வந்திருந்தால், இவன் எப்பேர்ப்பட்ட ஆள் என்று தாங்கள் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். அந்த முடிவு சரியானதே. அதை மறுப்பதற்காக இதை எழுதவில்லை.

2. முப்பத்தோரு ஆண்டுகள் லிஃப்ட் பழுதுபார்த்தேன். அவற்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் லிஃப்ட் என் பொறுப்பில் இருந்தது. வரைவு அறிக்கையில் பதினேழு இடங்களில் 'துணை விமானி' என்று குறிப்பிடப்படுபவர் என் அக்கா மகள். அவள் மூன்று வயதில் துணி அலமாரியின் உச்சியிலிருந்து என் தோளுக்குக் குதித்தாள். அன்று முதல் வீட்டில் அவளுக்குச் சிட்டு என்று பெயர், வைத்தவன் நான். இம்மனுவிலும் அப்படியே குறிப்பிட அனுமதி வேண்டுகிறேன். 'துணை விமானி' என்று எழுதினால் வேறு யாரையோ பற்றி எழுதுவதுபோல் கை நின்றுவிடுகிறது.

3. எனக்கு மிகைப்படுத்தும் வியாதி உண்டு. தெருமுனைக் கடைக்குப் போய் வந்தால் ஏழு கடல் தாண்டி வந்ததாகச் சொல்வேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் அக்கா வாசலிலேயே எச்சரித்துவிடுவாள்: "இவன் சொல்றதுல பத்துல ஒண்ணை எடுத்துக்குங்க. அதையும் கழுவிட்டு எடுத்துக்குங்க." ஆகவே இம்மனுவை எழுதி முடித்ததும் அக்காவின் கையில் சிவப்புப் பேனாவைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ஒன்பது இடங்களில் அடித்தாள். அவற்றை நீக்கியே இந்தப் பிரதி எழுதப்பட்டுள்ளது. ஏழு கடலை மட்டும், உதாரணத்துக்காக என்பதால், விட்டுவைத்தாள்.

4. இனி ஜன்னல். எங்கள் சமையலறை ஜன்னலில் ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு கண்ணாடிகள் உள்ளன. அது வழியாக வானத்தைப் பார்க்க வேண்டுமானால் பாத்திரம் கழுவும் தொட்டியின் முன்தான் நிற்க வேண்டும். அங்கே ஓர் ஆளுக்கு மேல் இடமில்லை. முன்னால் தொட்டி, முதுகுக்குப் பின்னால் அலமாரி. எனவே பார்க்கிறவனின் கண் தினமும் ஒரே இடத்தில், ஒரே உயரத்தில்தான் இருந்தாக வேண்டும். ஓடுபாதை இங்கிருந்து ஆறு கிலோமீட்டர். இறங்க வருகிற விமானம், எந்த நிறுவனத்துடையதானாலும், மேல் கண்ணாடியின் குறுக்காகப் போகும். எட்டு ஆண்டுகளாக அப்படித்தான் போயிற்று.

5. சிட்டு விமானத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், என் கருவிப் பையிலிருந்து சிவப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து, மேல் கண்ணாடிக்கும் இரண்டாம் கண்ணாடிக்கும் நடுவிலுள்ள சட்டத்தில் நீளமாக ஒட்டினாள். "மாமா, இதுக்குக் கீழ ஏதாச்சும் வந்துச்சுன்னா உடனே மனு கினு எழுத உக்காந்துடாதீங்க. எனக்குப் போன் பண்ணுங்க" என்றாள். டேப் இன்றும் இருக்கிறது. தங்கள் அலுவலர் எவர் வந்தாலும் காட்டுவேன்.

6. அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பதற்கு என் மனுக்களின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓய்வு பெற்ற பின் கைக்கு வேலை இல்லை, வாய்க்கு இருந்தது. மூன்றாம் மனுவில், தாழப் பறந்த விமானம் ஒன்று கொடியில் காய்ந்த என் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டதாகவும், அது எந்த நாட்டில் இறங்கியிருந்தாலும் பொத்தான் குறையாமல் திருப்பி அனுப்பப்பட வேண்டும் என்றும் கோரினேன். ஏழாம் மனுவில், விமான ஓசைக்கு எங்கள் வீட்டு டம்ளர்கள் அலமாரியிலிருந்து இறங்கி ஆடுவதாகவும், அவற்றில் இரண்டு கல்யாணம் செய்துகொள்ளும் கட்டத்தை எட்டிவிட்டதாகவும் முறையிட்டேன். பன்னிரண்டாம் மனுவில், கேப்டன் ஒருவரின் மீசை இடப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருப்பதைச் சமையலறையிலிருந்தே கண்ணால் கண்டதாகவும், பயணிகளின் பாதுகாப்பைக் கருதி அதை உடனே சமன்செய்ய ஆணையிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன்.

7. மீசை சிட்டுவின் யோசனை. "மானத்த வாங்காதீங்க மாமா, நான் அங்கதான் வேல பாக்கணும்" என்று தலையில் அடித்துக்கொண்டே எனக்கு விஷயம் எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். அது அவளுடைய கேப்டனின் மீசை. மனுவைப் பற்றிக் கேள்விப்பட்ட அந்த மனிதர் மறுவாரம் மீசையைச் சீராக வெட்டிக்கொண்டு வந்து, "உங்க மாமாகிட்ட சொல்லிடும்மா, நடவடிக்கை எடுத்தாச்சுன்னு" என்றாராம். என் பத்தொன்பது மனுக்களில் நடவடிக்கை எடுக்கப்பட்டது அது ஒன்றின் மீதுதான். எடுத்தவர், விபத்து நடந்த பதினோராம் நாள் மருத்துவமனையில் இறந்துபோன அதே கேப்டன்.

8. தபால் பிரிவில் மனு வாங்குகிற அம்மையார் ஒருமுறை சொன்னார்: "சார், உங்க மனு வந்தா நாங்க மத்தியானம் எல்லாரும் ஒண்ணா உக்காந்து படிப்போம். ஒருத்தர் படிக்க மத்தவங்க கேப்போம்." அதைக் கேட்டு எனக்கு உண்டான பெருமையைக் குறித்து நான் எழுதியிருந்த வரியை அக்கா அடித்துவிட்டாள். பெருமை உண்டாயிற்று என்று மட்டும் எழுதுகிறேன். அன்று முதல் மனுக்களின் நீளமும் கூடிற்று, புளுகும் கூடிற்று.

9. விபத்து நாள். காலையில் மேகம் இருந்தது. ஆனால் உயரத்தில் இருந்தது. 7.50-க்கு ஒரு விமானம் சிவப்பு டேப்புக்குக் கீழே, இரண்டாம் கண்ணாடியில் போயிற்று. கையில் சோப்பு நுரையோடு அப்படியே நின்றேன். 8.25-க்கு இன்னொன்று, அதுவும் இரண்டாம் கண்ணாடி. 9.05. 9.40. நான்கும் வெவ்வேறு விமானங்கள். வாலில் நான்கு விதமான வண்ணங்கள். நான்கும் ஒரே அளவுக்குத் தாழ்ந்து போயின. மேகத்துக்குக் கீழே வந்ததும் ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்ததால், மிச்ச தூரத்தைப் பார்வையாலேயே சரிசெய்துகொண்டு பத்திரமாக இறங்கிவிட்டார்கள். யாரும் புகார் எழுதவில்லை. எழுதியவன் ஒருவன்தான்.

10. அந்தப் பத்தொன்பதாம் மனுவை இணைப்பு 1-இல் வைத்துள்ளேன். அதன் முதல் பக்கம் முழுதும் தாங்கள் படிக்க வேண்டியதில்லை. இன்று வந்த விமானங்கள் பறக்கும் பழக்கத்தையே கைவிட்டு நடந்து வருகின்றன என்றும், ஒன்று சாலை சிக்னலில் சிவப்பு விளக்குக்கு நின்றது என்றும், மற்றொன்றின் விமானி கண்ணாடியை இறக்கி "விமான நிலையத்துக்கு எப்படிங்க போறது?" என்று என்னிடம் வழி கேட்டார் என்றும் எழுதியிருக்கிறேன். இரண்டாம் பக்கத்தில், கீழிருந்து நான்காம் வரியில், இவ்வளவுதான் இருக்கிறது: 'மேல் கண்ணாடியில் போக வேண்டியவை இன்று இரண்டாம் கண்ணாடியில் போயின. நான்கும். 7.50, 8.25, 9.05, 9.40.' நான் தங்கள் முன் வைக்கும் சாட்சியம் இந்த வரி மட்டுமே.

11. தபால் பிரிவு அம்மையார் அதை 10.40-க்கு முத்திரையிட்டார். வழி கேட்ட விமானி வரைக்கும் படித்துவிட்டுச் சிரித்தார். எல்லாரும் பார்க்கட்டும் என்று அறிவிப்புப் பலகையில் குத்தினார். இரண்டாம் பக்கம் பலகையை நோக்கி இருந்தது.

12. பத்து மணிக்கு மேல் மேகம் இறங்கித் தூறல் பிடித்தது. 12.10 அளவில் ஜன்னலில் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. ஓசை மட்டும் வந்தது. எப்போதும் மேலிருந்து வரும் ஓசை, அன்று எதிர் வீட்டு மாடியிலிருந்து வருவதுபோல் வந்தது. அலமாரியில் இருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தமிட்டன. ஏழாம் மனு எழுதியபோது அவை அசைந்ததுகூட இல்லை ஐயா. அன்று அசைந்தன.

13. அடுத்து நடந்ததைத் தங்கள் அறிக்கை சரியாகவே விவரிக்கிறது. ஓடுபாதையிலிருந்து விமானம் இறங்க வேண்டிய சரிவைக் காட்டி வழிநடத்தும் கருவி அந்த மாதம் முழுதும் பழுதுபார்ப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. மேகத்துக்குள் உயரமானியைத் தவிர வேறு துணை இல்லை. தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கை ஒலித்ததும் சிட்டு கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்து விமானத்தை மேலே இழுத்திருக்கிறாள். வால் பகுதி ஓடுபாதைக்கு முன்னுள்ள விளக்குக் கம்பங்களில் மோதி, விமானம் புல்வெளியில் விழுந்து ஓடி நின்றது. வால் பக்கம் அமர்ந்திருந்த விமானப் பணிப்பெண் அங்கேயே இறந்தார். கேப்டனைப் பற்றி முன்பே சொன்னேன். பயணிகள் முப்பத்தொன்பது பேரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

14. பத்தி 31 கூறுவது: 'வானிலை அறை வழங்கிய அழுத்த எண்ணும், விமானத்தின் இரு உயரமானிகளிலும் வைக்கப்பட்டிருந்த எண்ணும் ஒத்துள்ளன. எனவே எண்ணில் பிழை இல்லை. துணை விமானி உயரத்தை உரிய நேரத்தில் சரிபார்க்கத் தவறினார்.' தயவுசெய்து இதை இன்னொரு முறை வாசியுங்கள். கொடுத்த எண்ணும் வாங்கிய எண்ணும் ஒன்று என்பது மட்டுமே இதில் நிரூபணமாகியிருக்கிறது. கொடுத்த எண் காற்றோடு ஒத்திருந்ததா என்று எவரும் பார்க்கவில்லை. நானும் என் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்து மணி சொன்னால் எங்கள் நேரமும் அழகாக ஒத்துப்போகும்.

15. விமானத்தின் உயரமானி காற்றின் அழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் கருவி. காற்று தினமும் ஒரே கனத்தில் இருப்பதில்லை. ஆகையால் அன்றைய எண்ணைத் தரையிலிருந்து கேட்டு வாங்கி உயரமானியில் வைக்கிறார்கள். கொடுக்கிற எண் ஒன்று கூடிப்போனால் விமானம் ஏறத்தாழ இருபத்தெட்டு அடி தாழ்ந்து வரும். முள்ளோ எல்லாம் சரி என்றே காட்டும். இவ்வளவும் சிட்டு சப்பாத்திக் கட்டையையும் ஒரு தட்டையும் வைத்து எனக்கு விளக்கியது.

16. எங்கள் விமான நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் இருநூற்றெண்பது அடி உயரத்தில் உள்ளது. கோபுரத்தின் இரண்டாம் மாடியில் வானிலை அறை. அங்கே இருந்த பழைய அழுத்தமானி, அறையில் உள்ள அழுத்தத்தை மட்டுமே காட்டும். கடல் மட்டத்துக்கு மாற்ற அதனோடு பத்தைக் கூட்ட வேண்டும். மேசை விளிம்பில் '+10' என்று எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும். லிஃப்டுக்கு எண்ணெய் போடப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். அங்குள்ள ஊழியர் கண்ணாடியை விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார், முள்ளைப் பார்ப்பார், உதட்டுக்குள் பத்தைக் கூட்டுவார், சொல்வார். பத்தொன்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் கூட்டத் தவறியதில்லை.

17. விபத்து நடந்து நாற்பது நாள் கழித்துக் கோபுரத்தின் லிஃப்ட் பாதியில் நின்றுவிட, புதிய மெக்கானிக்குக்குப் பிடிபடாமல் என்னை அழைத்தார்கள். வேலை முடிந்து இறங்கும்போது வானிலை அறைக்குள் எட்டிப் பார்த்தேன். பழைய அழுத்தமானி இல்லை. புதிது ஒன்று இருந்தது. அதன் பக்கவாட்டில் பொருத்திய தேதி ஒட்டப்பட்டிருந்தது: விபத்துக்கு முந்தைய நாள் மாலை. முகப்பில் 'கடல் மட்ட அளவு' என்று அச்சிட்டிருந்தது. அதாவது, அந்தக் கருவி பத்தைத் தானே கூட்டிக்கொண்டுதான் எண்ணைக் காட்டுகிறது. மேசை விளிம்பில் சீட்டைக் காணோம். அது இருந்த இடத்தில் பசை மட்டும், பழுப்பு நிறத்தில், சீட்டின் அளவுக்குச் சதுரமாக இருந்தது.

18. ஊழியர் என்னைப் பார்த்து எழுந்து நின்றார். "அண்ணே, டீ சொல்லட்டுமா?" என்றார். நான் பசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னை ஒண்ணும் கேக்காதீங்கண்ணே" என்றார். நான் கேட்கவில்லை. ஐயா, அவர் கெட்டவர் அல்லர். இத்தனை ஆண்டுகள் சரியாகக் கூட்டிய கை, மறுநாள் காலையில் புதிய கருவியின் முன்பும் கூட்டிவிட்டது. லிஃப்டில் தரைத்தளத்தின் உயரத்தை இரண்டு முறை கணக்கில் சேர்த்துவிட்டால் கதவு சுவரைப் பார்த்துத் திறக்கும். நானே ஒருமுறை அப்படிச் செய்து, ஒரு மேலாளரை அரை மணி நேரம் செங்கல்லைப் பார்க்க வைத்திருக்கிறேன். கருவி மாறியதை அந்த ஊழியருக்கு யார் சொன்னார்கள், சீட்டைக் கிழிக்கும்படி யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள் என்பது குறித்து வரைவு அறிக்கையில் ஒரு சொல் இல்லை. புதிய கருவி என்ற பேச்சே இல்லை.

19. பசைக் கறையைச் சாட்சியமாக ஏற்க இயலாது என்பதை அறிவேன். ஆகவே பதினெட்டுக் கிலோமீட்டர் தொலைவில் உள்ள துறைமுக அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒவ்வொரு மணிக்கும் அழுத்த எண்ணைப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். விபத்து நாளன்று நண்பகலில் அவர்கள் எழுதியது 1003. அதே நேரத்தில் நம் வானிலை அறை கொடுத்தது 1013. சான்றளித்த நகல் இணைப்பு 2. புயல் இல்லாத நாளில் பதினெட்டுக் கிலோமீட்டருக்குள் காற்று பத்து எண் மாறாது. பத்து எண்ணுக்கு இருநூற்றெண்பது அடி. ஜன்னல் சட்டத்தின் அளவையும் எதிர் மாடியின் உயரத்தையும் கொண்டு நான் போட்ட கணக்கில், அந்த நான்கு விமானங்களும் தாழ்ந்த அளவு இருநூற்று ஐம்பதுக்கும் முந்நூறுக்கும் இடையில் வருகிறது (இணைப்பு 3). இந்தக் கணக்கை அக்கா மூன்று முறை சரிபார்த்தாள்.

20. இனி சிட்டு. தோள் எலும்பு கூடிவிட்டது. மருத்துவமனையிலிருந்து வந்த நாள் முதல் என் வீட்டில், அடுத்த அறையில் இருக்கிறாள். முள்ளும் எண்ணும் உள்ள எதையும் அவள் இப்போது தன் கண்ணால் மட்டும் பார்த்து நம்புவதில்லை. காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டரை நீட்டி, "மாமா, இது எவ்வளவுன்னு நீங்க பாருங்க" என்கிறாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்து மணி கேட்கிறாள். அரிசி அளக்கும்போது அக்காவைக் கூப்பிட்டு எண்ணச் சொல்கிறாள். வரைவு அறிக்கையின் பிரதி தபாலில் வந்த அன்று பத்தி 31-ஐ நின்றபடியே படித்தாள். "சரியாத்தான் எழுதியிருக்காங்கம்மா. நான்தான் எதையோ தப்பா பாத்திருக்கேன்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். தான் முள்ளைத் தவறாகப் படித்ததால் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள் என்று அவள் நம்புகிறாள். அவள் முள்ளைச் சரியாகத்தான் படித்தாள் ஐயா. முள்தான் அவளிடம் பொய் சொன்னது.

21. இந்தப் பத்தியை எழுதத்தான் நான்கு நாட்கள் ஆயின. விபத்து நாளன்று காலை 9.40-க்கு நான்காம் விமானம் டேப்புக்குக் கீழே போனபோது, சிட்டு வேறோர் ஊரில் விமான நிலையத்தில் புறப்படுவதற்குக் காத்திருந்தாள். அவள் விமானம் கிளம்பியது 11.05-க்கு. அதுவரை அவளுடைய போன் அணைக்கப்படாமல்தான் இருந்தது. என்ன செய்ய வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். டேப்பை ஒட்டிக்கொண்டே சொல்லியிருந்தாள். நான் போன் செய்யவில்லை. மனு எழுத உட்கார்ந்தேன். விமானி வழி கேட்கிற வரி வந்தபோது தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அதை இன்னும் நன்றாக எழுத வேண்டும் என்று இரண்டு முறை கிழித்து எழுதினேன். நான் கூப்பிட்டிருந்தால் அவள் கோபுரத்தை அழைத்து எண்ணை மறுபடி பார்க்கச் சொல்லியிருப்பாள். கேட்கக் கூச்சப்படுகிற பெண் அல்ல அவள்.

மருத்துவமனையிலிருந்து வந்த மூன்றாம் நாள் சமையலறை வாசல் வரை வந்து நின்று கேட்டாள்: "மாமா, அன்னைக்குக் காலைல ஜன்னல்ல பாத்தீங்களா?" வாழ்நாளெல்லாம் யானையளவு பொய் சொன்னவன் நான். அன்று, "இல்லம்மா, தூங்கிட்டேன்" என்றேன். அவள் டேப்பைப் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பிப் போனாள். அதன்பின் அந்த ஜன்னல் பக்கம் வரவில்லை.

இந்தப் பத்தியில் அக்கா எதையும் அடிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

22. இணைப்பு 1-இல் உள்ள மனுவின் நான்கு மூலையிலும் ஊசித் துளைகள் இருக்கும். தபால் பிரிவு அம்மையார் அறிவிப்புப் பலகையிலிருந்து அதைப் பிடுங்கி எடுத்து, பதிவேட்டில் ஒப்பமிட்டு, வீடு தேடி வந்து கொடுத்தார். "நான் சிரிச்சுட்டேன் சார்" என்று வாசலிலேயே அழுதார். சிரிக்க வைத்தது நான். அவர் மீது எந்த நடவடிக்கையும் வேண்டாம் என்பதையும் இம்மனுவின் பகுதியாகக் கருத வேண்டுகிறேன்.

23. ஆகவே, மேற்கண்ட நிலையில் தங்களைப் பணிந்து வேண்டுவது:

அ) விபத்து நாளன்று வானிலை அறை கொடுத்த எண்களை, துறைமுகப் பதிவேட்டோடும் புதிய அழுத்தமானியின் உள்பதிவோடும் ஒப்பிட்டுப் பார்க்க ஆணையிட வேண்டும். ஒரு முற்பகல் வேலைதான்.

ஆ) அன்று காலை இறங்கிய நான்கு விமானங்களின் விமானிகளை அழைத்து, தாழ்ந்து வந்தீர்களா என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

இ) எண் பிழை என்று தெரியவந்தால், பத்தி 31-இல் துணை விமானியைக் குறித்த வாக்கியத்தை நீக்கி, அவள் உயரமானியைச் சரியாகவே படித்தாள் என்று எழுத வேண்டும். எச்சரிக்கை கேட்டதும் அவள் விமானத்தை மேலே இழுத்ததால்தான் முப்பத்தொன்பது பேர் வீடு போனார்கள் என்பதையும் சேர்த்தால் நன்றியுடையவனாவேன். அவள் மறுபடி பறக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தானே மணி சொல்ல வேண்டும்.

ஈ) யாரேனும் ஒருவர் உரிய நேரத்தில் உரியவருக்குச் சொல்லத் தவறினார் என்று அறிக்கையில் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், அந்த இடத்தில் என்னைக் குறிப்பிட எனக்குப் பூரண சம்மதம். எழுத்து மூலம் இதோ தருகிறேன்.

24. இன்று காலை 7.50 விமானம் மேல் கண்ணாடியில் போனது. 8.25-உம் மேல் கண்ணாடியில்தான். இவற்றில் மிகை ஏதும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் கருணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
துணை விமானியின் தாய்மாமன்

நாள்: விபத்து நடந்த நூற்றுப் பதினான்காம் நாள்
இடம்: சமையலறை, தொட்டியின் முன்

இணைப்புகள்: 1. ஊசித் துளைகளுடன் கூடிய பத்தொன்பதாம் மனு. 2. துறைமுகப் பதிவேட்டின் சான்றளித்த நகல். 3. ஜன்னல் கணக்கு, ஒரு தாள்.

நகல்: சிட்டு, அடுத்த அறை. தபாலில் அல்ல, இந்த மனுவைத் தங்களுக்கு அனுப்புவதற்கு முன்பே, 21-ஆம் பத்தி உட்பட, நேரில் கொடுக்கப்படுகிறது. படித்து முடிக்கும் வரை நான் வாசலில் நின்றிருப்பேன்.